பெரியப்பாவின் தொகையறா எங்கே போனது?

அன்புள்ள அண்ணா,

எங்களுக்குக் காசிமேடு. பெரியப்பா முப்பது வருஷமாகச் சாவு வீடுகளில் மரண கானா பாடுகிறவர். லேப்டாப்பில் மியூசிக் போடும் எங்கள் தெருப் பையன் ஒருவன் போன வருஷம் அவரைப் பாட வைத்து ஒரு டான்ஸ் சிங்கிள் விட்டான், நன்றாக இருந்தது. இப்போது அதற்கே மூன்று கிளப் ரீமிக்ஸ் வந்திருக்கிறது. தொடக்கத்தில் ஒரு நிமிஷம் வெறும் அடி. தாளம் சேர்வதற்கு முன் அவர் இழுத்துப் பாடும் தொகையறா மொத்தமும் போய்விட்டது, இரண்டே வரியை வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். ஒன்றில் அவர் பெயரே இல்லை. அவர் எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் ஆறவில்லை. இது பாட்டைக் கொல்வது இல்லையா?

பெயர் வேண்டாம், காசிமேடு

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய நான்கையும் இரண்டு முறை கேட்டேன். பெயர் விஷயத்தில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். மற்றதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

அந்த ஒரு நிமிஷ அடி டிஜேவுக்காக வைப்பது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் வாலில் அடுத்த பாட்டின் தலையை ஏற்றி, இரண்டின் அடியும் ஒன்றாக விழும்படி செய்து, ஆடுகிறவர்களின் கால் நிற்காமல் மாற்ற வேண்டும், அதற்குக் குரல் இல்லாத இடம் தேவை. நிமிஷத்துக்கு 126 அடி என்ற வேகத்தில் 32 பார் போனால், ஒரு பாருக்கு நான்கு அடி வீதம் 128 அடி, அதுதான் நீங்கள் எண்ணிய ஒரு நிமிஷம். இது பழைய வழக்கம். 1976இல் அமெரிக்காவில் 'டென் பர்சென்ட்' என்ற பாட்டை 12 அங்குல இசைத்தட்டாகக் கடைக்கு விட்டபோது, வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜே அதை ஒன்பது நிமிஷத்துக்கு மேல் நீட்டியிருந்தார். ஹெட்போனில் கேட்டால் அலுக்கும்தான்.

தொகையறாவுக்கு வருகிறேன், எனக்கும் வலித்தது அங்கேதான். தொகையறாவுக்குத் தாளக்கட்டு கிடையாது. சட்டி அடிப்பவர் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு பாடுபவரின் வாயையே பார்த்திருப்பார், மூச்சு இறங்குகிற இடத்தில் முதல் அடி விழும், அதுவரை பந்தலில் ஒருவரும் அசைய மாட்டார்கள். அடியைச் சம அளவில் பிரிக்கும் கம்ப்யூட்டரின் கட்டங்களில் அது உட்காராது, அதனால் தூக்கிவிட்டார்கள். ஆனால் தம்பி, கிளப் பாட்டுக்கு நடுவே பிரேக்டவுன் என்று ஒன்று உண்டு. அடி சட்டென்று நின்றுவிடும், குரலோ ஒரு கீபோர்டோ மட்டும் தனியாக இழுக்கும், கூட்டம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும், அப்புறம் அடி மொத்தமாகத் திரும்பி விழும். நம் பந்தலில் ராத்திரி இரண்டு மணிக்கு நடப்பதும் இதேதான்! பெரியப்பாவின் தொகையறாவை அப்படியே அந்த இடத்தில் வைத்திருந்தால், கட்டத்துக்குள் அடைக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். உங்கள் தெருப் பையனுக்கு இரண்டும் தெரியும், அவனிடம் இதைச் சொல்லுங்கள்.

குரலை வைத்துக்கொண்டே ரீமிக்ஸ் செய்ய முடியாதா என்றால், முடியும். 1994இல் வந்த 'மிஸ்ஸிங்' என்ற ஆங்கிலப் பாட்டை டாட் டெர்ரி ரீமிக்ஸ் செய்தபோது அடியை மாற்றினார், பாடிய ட்ரேசி தார்னின் குரலைப் பாட்டாகவே விட்டார். அடுத்த வருஷம் உலகம் முழுக்க ஓடியது அந்த ரீமிக்ஸ்தான்.

இப்போது பெயர். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 1990இல் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி என்ற அமெரிக்கக் குழுவின் பெரிய டான்ஸ் பாட்டில் உச்சக் குரல் மார்த்தா வாஷ் என்ற பாடகியுடையது, வீடியோவில் வாயசைத்தது வேறொரு பெண். மார்த்தா வாஷ் வழக்குப் போட்டுத்தான் தன் பெயரை மீட்டார். நம் ஊரில் வழக்குக்கு முன்பே சட்டம் கையில் இருக்கிறது: 2012 திருத்தத்துக்குப் பிறகு, பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு, பாடியவர் இவர் என்று சொல்லப்படும் உரிமையைப் பாடுகிறவருக்குத் தருகிறது, வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி உரிமை 38ஏ பிரிவில். எடிட்டிங்குக்காக ஒரு பகுதியை நீக்குவது மட்டுமே பாடியவரின் மதிப்பைக் கெடுப்பதாகாது என்றும் அதே 38பி சொல்கிறது. ஆக, தொகையறா போனதற்குச் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட முடியாது, பெயர் போனதற்குப் போடலாம்.

சண்டை வரை போக வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ரீமிக்ஸை ஏற்றியவர் தன் விநியோக நிறுவனத்துக்கு எழுதினால் பெயரைச் சேர்க்கலாம். பெரியப்பா சொல்ல மாட்டார், துக்க வீட்டில் பாடிப் பழகியவர்கள் தனக்கென்று கேட்கக் கூசுவார்கள், நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அதனால் நீங்கள் கேளுங்கள். எவ்வளவு பங்கு என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், தெருப் பையன்தானே என்று விடாதீர்கள், அவனுக்கும் அது நல்லது.

இன்னொன்று. ரெக்கார்டிங் அன்று பாடியதில் குரல் மட்டும் தனி ஃபைலாக இருக்கும். அதை ஒரு பென்டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொகையறா அதில் முழுசாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.