ஜீப்பின் அடிவயிற்றைப் பாருங்கள்

கேள்வி: உவரியில் ஒருவர் 2014 மாடல் மஹிந்திரா தார் ஃபோர் வீல் டிரைவ் ஜீப் விற்கிறார். தோட்டத்துக்கும் செம்மணல் தேரிக்காட்டுக்கும் போக எடுக்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், திசையன்விளை

பதில்: கடலோர உவரி என்றதுமே எனக்கு உப்புக்காற்றுதான் ஞாபகம் வருகிறது. பெயிண்ட் பளபளப்பில் மயங்காமல், பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். ஸ்குரூ டிரைவர் பிடியால் சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, தட்டிக்கொண்டே போங்கள். 'டிங்' என்றால் சரி. 'தொப்' என்றால் துரு தின்றிருக்கிறது. புதிதாகக் கறுப்பு அடித்த இடத்தில் இரண்டு தட்டு கூடுதலாகவே தட்டுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியா? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் வண்டல் கறை இருந்தால் கதை தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் ஒரு வண்டியைச் சிபாரிசு செய்துவிட்டு, மைத்துனரிடம் இன்றுவரை பேச்சு வாங்குகிறேன். ஆக்சில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலும் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அப்புறம் ஃபோர் வீல். அதைத் தார்ச்சாலையில் போட்டு ஒடித்துத் திருப்பாதீர்கள், கியர்கள் இறுகிக்கொள்ளும். தேரி மணலில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலை) போடுங்கள். முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கிறதா என்று ஒருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். அதைப் போடும் லிவர் அசையவே மாட்டேன் என்றால், வருஷக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை என்று சந்தேகப்படலாம்.

ஆர்.சி.யில் கடன் நீக்கியிருக்கிறதா பாருங்கள். டயர் தேய்ந்திருந்தால் விலையில் பிடித்துக்கொள்ளலாம்.