தினமும் ஓடும் காருக்கு எந்த சைலன்சர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாரி முடிந்ததும் சைலன்சர் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இம்முறையும் அப்படித்தான். வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் தினமும் ஓடும் கார்கள் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். பந்தயத்துக்குக் கட்டும் காருக்குக் கணக்கு வேறு.

சேர், என்னுடையது ஆல்டோ. களுவாஞ்சிக்குடியில் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீற்றர்தான். ஐந்து வருடத்தில் மூன்றாவது சைலன்சரும் உக்கிவிட்டது. இவ்வளவு குறைவாக ஓடும் காருக்கு ஏன் இப்படி? அடுத்ததாக எதைப் போடுவது?

குறைவாக ஓடுவதால்தான் உக்குகிறது, டீச்சர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடும் காரில் குழாய் முழுவதும் சூடேறி, அது ஆவியாகவே வெளியே போய்விடும். மூன்று கிலோமீற்றரில் பின்பக்க சைலன்சர் சூடாகும் முன்பே நீங்கள் பள்ளி வாசலில் காரை நிறுத்திவிடுகிறீர்கள். ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கிவிடுகிறது. எரிந்த புகையில் உள்ள அமிலமும் அதில் கலக்கிறது. வெளியே கடற்காற்றின் உப்பு, உள்ளே அமிலத் தண்ணீர் என்று இரண்டு பக்கமும் தின்றால் தகடு எத்தனை நாள் தாங்கும்?

அண்மையில் இப்படி வந்த ஒரு சைலன்சரை அறுத்துப் பார்த்தேன். வெளியே கறுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. உள்ளே மேல்பாதித் தகட்டில் மினுக்கம்கூடப் போகவில்லை. கீழ்ப்பாதியில் தேயிலைத் தூள் மாதிரி ஒரு கைப்பிடி கறள். விரலால் அழுத்தியதும் தகடு உடைந்தது. அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருந்த சிறு துளையைக் கறள் அடைத்திருந்தது. உங்கள் சைலன்சரிலும் அந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெல்லிய கம்பியால் அவ்வப்போது குத்திவிடுங்கள். அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் அடித்து மூடிவிடுபவர்களும் உண்டு. விடாதீர்கள்.

எதைப் போடுவது என்றால், கறுப்புப் பெயின்ட் அடித்த சாதாரண இரும்பை நம் கரையோர ஊர்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். அலுமினியப் பூச்சுள்ள தகடு அதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் வெல்டிங் அடித்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும், கறள் அங்கேதான் தொடங்கும். பூட்டிய அன்றே ஒட்டு இடங்களுக்குச் சூடு தாங்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். கை தாராளமாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். அதில் 409, 304 என்ற இரண்டு வகையைக் கடையில் சொல்வார்கள். 304 கடற்காற்றுக்குக் கூடுதலாக நிற்கும், விலையும் கூட. காந்தம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 304 காந்தத்தில் பெரும்பாலும் ஒட்டாது, 409 ஒட்டும். ஆகவே காந்தம் ஒட்டினால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். 304 என்று சொல்லி விற்ற சாமானில் காந்தம் இறுக்கமாக ஒட்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ஜப்பான் கழற்றுச் சாமானும் நல்ல வழிதான், பார்த்து எடுத்தால். ஜப்பானின் வடபகுதியில் பனிக்காலத்தில் ரோட்டுக்கு உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய காரின் சைலன்சர் நம் கடற்கரையில் ஓடியதைவிட மோசமாக இருக்கலாம். தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே கரகரவென்று சத்தம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், கிழமைக்கு ஒரு தடவையாவது மட்டக்களப்பு நகர் வரை போய் வாருங்கள். உள்ளே தேங்கியது காய்ந்துவிடும்.

அண்ணன், என்னிடம் 1.2 ஸ்விப்ட். இரண்டரை அங்குலக் குழாயும் நேர்வழி சைலன்சரும் போட்டால் இழுவை கூடும் என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். போடலாமா?

போட வேண்டாம், தம்பி. காரணத்தையும் சொல்கிறேன், கூட்டாளிமாருக்கும் காட்டுங்கள்.

ஒன்றே முக்கால் அங்குலக் குழாயை எடுத்துவிட்டு இரண்டரை அங்குலம் போட்டால் புகை போகும் வழியின் பரப்பு இரண்டு மடங்காகிறது. 1.2 லீற்றர் எஞ்சின் விடும் புகையின் அளவு மாறவில்லை. எனவே புகையின் வேகம் குறைகிறது. வேகமாகப் போகும் புகை தனக்குப் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும், சிலிண்டர் சுத்தமாகக் காலியாகும். அந்த இழுப்பைக் குறைத்துவிட்டால் கீழ் வேகத்தில், அதாவது பஸ்ஸின் பின்னால் மாட்டிக் கல்முனைக் கடைத்தெருவைக் கடக்கும்போது, கார் சோம்பிவிடும். எஞ்சினுக்குப் பின்னழுத்தம் தேவை என்று சிலர் சொல்வார்கள். அது பிழையான விளக்கம். பின்னழுத்தம் எந்த எஞ்சினுக்கும் நல்லதில்லை, தேவைப்படுவது புகையின் வேகம். கம்பனிக் குழாயின் அளவு, அல்லது மிஞ்சினால் கால் அங்குலம் கூட, அதற்கு மேல் உங்கள் எஞ்சினுக்குப் பிரயோசனம் இல்லை.

சத்தம் கூடினால் இழுவையும் கூடியதாகக் காது நம்பிவிடும். நேர்வழி சைலன்சர் என்பது துளை போட்ட ஒரு குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி நார். அந்த நார் எரிந்தும் நனைந்தும் குறையக் குறையச் சத்தம் மாதா மாதம் ஏறும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்றில் ஓடும்போது செக்கனுக்கு 80 தடவை வெடிக்கிறது. அந்த அடித்தொனி காருக்குள் அடைபட்டு ‘ம்ம்ம்’ என்று காதில் நிற்கும். அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு 60 கிலோமீற்றருக்கும் மேல். போகவும் வரவும் அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவது உடம்புக்குப் பெரிய களைப்பு. 2025 ஜனவரியில் பொலிஸ் தொடங்கிய நடவடிக்கைக்குப் பிறகு இப்படியான சைலன்சர்களை ரோட்டில் மறித்துக் கழற்றவும் வைக்கிறார்கள்.

அந்தக் காசுக்கு நல்ல டயரும் புதிய பிளக்கும் போடுங்கள். குழாய் மாற்றியே ஆக வேண்டுமென்றால் வளைவுகளைக் கையால் தடவிப் பாருங்கள். வளைவின் உட்பக்கம் மடிந்து நசுங்கியிருந்தால் எத்தனை அங்குலம் என்று சொல்லி விற்றாலும் புகைக்கு அந்த நசுங்கிய வாய்தான் அளவு.

செங்கலடியில் வாடகைக்கு ஓடுகிறேன். மூன்றாம் தலைமுறை பிரியஸ். இழுவை குறைவு, எஞ்சின் லைட்டும் எரிகிறது. கராஜில் கெட்டலிட்டிக் அடைத்துவிட்டது என்றும், உள்ளே உள்ளதை உடைத்து எடுத்தால் சரி என்றும் சொல்கிறார்கள். எடுப்பதற்குக் காசும் தருவார்களாம்.

காசு தருகிறார்கள் என்றால் உள்ளே இருப்பது என்னவென்று யோசியுங்கள். கெட்டலிட்டிக் என்பது புகையைச் சுத்தமாக்கும் பெட்டி. அதற்குள் தேன்கூடு மாதிரி இருப்பதில் பூசியிருப்பது பிளாட்டினம், பலேடியம், ரோடியம். ஹைபிரிட் கார்களின் கெட்டலிட்டிக்கைத் திருடர்கள் தேடுவதும் அதனால்தான்.

முதலில் அடைத்திருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். கெட்டலிட்டிக்குக்கு முன்னால் உள்ள ஒக்சிசன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி பூட்ட வேண்டும். 2500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு இருக்கிறது. பிரியஸ் தானாகவே எஞ்சினை நிறுத்திவிடும் என்பதால் பரிசோதனை நிலையில் வைத்துத்தான் இதைப் பார்க்க முடியும். ஸ்கேனரில் பி0420 என்ற பிழைக் கோட் வந்ததால் மட்டும் அடைப்பு என்று அர்த்தமில்லை. கெட்டலிட்டிக் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பின் சென்சர் சொல்கிறது, அவ்வளவுதான். முன்பக்கக் குழாயில் கசிவு இருந்தாலும் இதே கோட் வரலாம்.

உண்மையிலேயே அடைத்திருந்தால், ஏன் அடைத்தது? இந்த மொடலில் இஜிஆர் கூலர் (புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து எஞ்சினுக்குத் திருப்பி விடும் பாகம்) கரியால் அடைவது, ஒயில் குடிப்பது, ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் மேல் மூட்டை அடைக்கும் தகடு) போய்த் தண்ணீர் எரிவது ஆகிய மூன்றையும் பார்க்காமல் புதுக் கெட்டலிட்டிக் போட்டால் அதுவும் சில மாதத்தில் போய்விடும்.

உடைத்து எடுத்தால் லைட் அணையாது. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் கார் தேறாது, அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவும் முடியாது. வெறும் கூட்டுக்குள் புகை சுழன்று தகரச் சத்தமும் வரும். நீங்கள் பயணிகளை ஏற்றி ஓடுபவர், உங்கள் பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளைகளையும் நினையுங்கள்.

மாற்றுச் சாமான் வாங்கும்போது இன்னொன்று. இந்தப் பிரியஸின் குழாயில் புகையின் சூட்டை எடுத்து எஞ்சின் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு பகுதி உண்டு. அது இல்லாத குழாயைப் பூட்டினால் எஞ்சின் சூடாகக் கூடுதல் நேரம் எடுக்கும், அதற்குப் பெற்றோலும் எரியும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பிளெக்ஸ் பைப் (வளைந்து கொடுக்கும் குழாய்த் துண்டு) கிழிந்துவிட்டது. அந்த இடத்தில் நேர்க் குழாயை வைத்து ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள், மலிவு. பரவாயில்லையா? (ஏறாவூர்)

வேண்டவே வேண்டாம். முன்சக்கர இழுவைக் காரில் எஞ்சின் குறுக்காக இருக்கிறது. அக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் அது முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்வதற்குத்தான் பிளெக்ஸ். நேர்க் குழாய் போட்டால் ஆட்டம் முழுவதும் எஞ்சினோடு பூட்டியிருக்கும் மானிபோல்டுக்குப் போய் அதில் வெடிப்பு விழும். பழைய பிளெக்ஸின் நீளத்தையும் உள்விட்டத்தையும் அளந்து அதே அளவில் வாங்குங்கள். எஞ்சின் மவுண்டும் செத்திருக்கிறதா என்று பாருங்கள், பிளெக்ஸ் கிழிய அதுதான் பெரும்பாலும் காரணம். வெல்டிங் தொடங்கும் முன் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்ல மறக்க வேண்டாம்.

எல்லாக் காருக்கும் பொருந்தும் ஒக்சிசன் சென்சர் வாங்கலாமா? (சம்மாந்துறை)

பின் சென்சருக்கு, வயர் எண்ணிக்கையும் வகையும் ஒத்துப்போனால் சமாளிக்கலாம். முன்னால் இருப்பது பல டொயோட்டாக்களில் காற்று-எரிபொருள் விகித சென்சர், அதன் வேலையே வேறு. மரை ஒன்றாக இருந்தால் சாதாரண சென்சரும் இறுகிவிடும், ஆனால் எஞ்சின் கணினிக்குக் கணக்குப் பிழைக்கும். அந்த இடத்துக்குப் பாக இலக்கம் பார்த்தே வாங்குங்கள். வயரை ஒட்டும்போது ஈயம் வைக்க வேண்டாம். பல சென்சர்கள் தமக்குத் தேவையான வெளிக்காற்றை அந்த வயருக்குள்ளால்தான் எடுக்கின்றன. இறுக்கும் கிளிப் போதும்.

சைலன்சர் வாயில் பூட்டும் மினுங்கும் முனை கெடுதலா? (கல்முனை)

இல்லை. விருப்பமென்றால் பூட்டுங்கள், வாயை ஒடுக்காமல் இருந்தால் சரி.

ஏசி போட்டால் காருக்குள் இலேசாகப் புகை மணக்கிறது. ஏழு மாதப் பிள்ளை பின் சீட்டில் இருக்கும். சைலன்சரை மாற்றினால் போதுமா? (தம்பிலுவில்)

தங்கச்சி, இதைச் சரி செய்யும் வரை பிள்ளையை அந்தக் காரில் ஏற்ற வேண்டாம். மணப்பது புகையின் மற்றச் சாமான்கள். அதோடு சேர்ந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எனக்கே இது நடந்தது. பல வருடத்துக்கு முன் ஒரு கராஜில் மானிபோல்டைக் கழற்றிப் பூட்டியபோது பழைய காஸ்கெட்டையே திரும்பவும் போட்டுவிட்டார்கள். பொத்துவிலிலிருந்து கண்ணாடியை மூடி ஏசியில் வந்துகொண்டிருந்தேன். திருக்கோவிலை நெருங்கும்போது தலை பாரமாகி, குமட்டல் வந்தது. வெயில் என்று நினைத்தேன். ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் வெளியே நின்றதும் தெளிந்தது. திரும்ப ஏறி ஓடியதும் மறுபடி தலை பாரம். அப்போதுதான் விளங்கியது.

உங்கள் காரில் கசிவு பெரும்பாலும் முன்பக்கம், எஞ்சின் அருகில் இருக்கும். ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் வாய் முன் கண்ணாடியின் அடியில்தானே இருக்கிறது. பின் சைலன்சரை மட்டும் மாற்றினால் மணம் போகாது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் காரை வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இன்னொருவர் மடித்த ஈரச் சாக்கால் சைலன்சர் வாயைச் சில விநாடி பொத்த வேண்டும். கசிவு உள்ள மூட்டில் ‘சிஸ்’ என்ற சத்தம் கேட்கும், அந்த இடத்தில் கரிக்கோடும் படிந்திருக்கும். காஸ்கெட் என்றால் புதியது போட வேண்டும், அதைப் பசை வைத்துச் சமாளிக்க விடாதீர்கள். பின் கதவின் ரப்பரையும் சுற்றிவரப் பாருங்கள், ஓடும்போது காருக்குப் பின்னால் சுழலும் புகை அந்த இடைவெளியாலும் உள்ளே வரும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது நாலு கண்ணாடியையும் முழுதாக இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.