செப்சிஸ்: பிழைக்கவைக்கும் வெள்ளை அணுக்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று செப்சிஸ் ஆகிவிட்டது. வெள்ளை அணு 24,000 இருந்தது, மறுநாள் 2,000க்குக் கீழே. குறைந்தது நல்லதுதானே, டாக்டர்?

பதில்: செப்சிஸ் என்றால் தொற்றை எதிர்க்கும் முயற்சியில் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை. அதில் வெள்ளை அணு ஒரே நாளில் இப்படிச் சரிந்தால் நாங்கள் பயப்படுவோம் அம்மா. கிருமியை எதிர்க்க முதலில் ஓடிவருவது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு. தேவை கூடும்போது எலும்பு மஜ்ஜை முதிராத அணுக்களையும் அனுப்பிவிடும். மைக்ரோஸ்கோப்பில் அவற்றின் உட்கரு மடல் மடலாகப் பிரியாமல், வளைந்த பட்டை மாதிரி தெரியும். இருப்பு தீர்ந்தாலோ, அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டாலோ எண்ணிக்கை விழும். ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) எப்படி இருக்கின்றன என்று இன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எதிர்ப்புச் சக்தி மிஞ்சிப்போவதால் ஆபத்தா, குறைவதால் ஆபத்தா?

பதில்: இரண்டும் ஒரே உடம்பில் நடக்கும், அதுதான் இந்த நோயின் கொடுமை. நியூட்ரோபில் தன் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும் என்று 2004இல் கண்டறிந்தார்கள். அதே வலை நுண்குழாய்களில் ரத்தத்தை உறையவைத்து, சிறுநீரகத்தையும் நுரையீரலையும் கெடுக்கும். இன்னொரு பக்கம் லிம்போசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் கூட்டங்கூட்டமாகத் தாமாகவே மடிகின்றன. செப்சிஸில் இறந்தவர்களின் மண்ணீரலைப் பரிசோதித்தபோது லிம்போசைட்டின் வகைகளான டி அணுக்களும் பி அணுக்களும் வெகுவாகக் குறைந்திருந்தன. முதல் வாரம் தாண்டியவர்களை இரண்டாவது தொற்று வீழ்த்துவது இதனால்தான். வீக்கத்தை, அதாவது அழற்சியை, மட்டும் அடக்கினால் போதும் என்று நம்பி, அதைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகளைச் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் பிழைப்பவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது?

பதில்: என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான கேள்வி. சண்டை முடிந்ததும் செத்த நியூட்ரோபில்களை மேக்ரோபேஜ்கள் என்ற துப்புரவு அணுக்கள் விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு அவை வீக்கத்தைத் தூண்டுவதைக் குறைத்து, திசுவைப் பழுதுபார்க்கும் சமிக்ஞைகளை அனுப்பத் தொடங்கும். மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களின் மேல் எச்எல்ஏ-டிஆர் என்ற புரதம் மீண்டும் ஏறும். கிருமியின் துண்டை டி அணுவுக்குக் காட்டும் கை அது. லிம்போசைட்டும் திரும்ப உயரும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு நம்பிக்கை பிறக்கும்.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன் சார். இதைச் சாதாரண ரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். மொத்தம் 24,000, லிம்போசைட் 2 சதவீதம் என்று வந்தால் பெருக்கிப் பாருங்கள்: 480தான். பெரியவர்களுக்கு 1,000க்கு மேல் இருக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையின் உயரத்தில் இந்தப் பள்ளம் கண்ணுக்குப் படாமல் போய்விடும். நான்காம் நாளிலும் லிம்போசைட் ஏறவில்லை என்றால் ஆபத்து கூடுதல்.

கேள்வி: எதிர்ப்புச் சக்தி மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். லிம்போசைட்டை வளரத் தூண்டும் இன்டர்லூக்கின்-7 என்ற புரதத்தைக் கொடுத்து லிம்போசைட்டை 3 முதல் 4 மடங்கு உயர்த்திய சிறிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. அது உயிரைக் காக்குமா என்று சொல்லும் அளவுக்கு அது பெரிய ஆய்வு இல்லை. இன்றைக்குக் கைகொடுப்பது தாமதிக்காத ஆன்டிபயாடிக், திரவம், தொற்றின் மூலத்தை அகற்றுவது.

கேள்வி: அம்மா வீடு திரும்பி இரண்டு மாதம். மறுபடி நிமோனியா வந்துவிட்டது. எங்கள் கவனிப்பில் தவறா?

பதில்: உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள். அணுக்கள் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைவு இவற்றில் ஏதாவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போனதும் முதல் வார்த்தையாக, 'இவருக்கு முன்பு செப்சிஸ் வந்திருக்கிறது' என்று சொல்லுங்கள்.