பெட்டி யார் கையில கீது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். காசிமேட்ல ஏலத்துல மீன் எடுத்து வெளியூர் வியாபாரிங்களுக்கு அனுப்புறேன். நாங்க 5 பேரு சேர்ந்து 600 பிளாஸ்டிக் பெட்டி வாங்கி பொதுவுல விட்டோம், யாருக்கு தேவையோ எடுத்துக்கலாம், வேலை முடிஞ்சதும் திருப்பி வெச்சிடணும்னு பேச்சு. ஒரு வருஷத்துல 200க்கு மேல காணோம். கேட்டா ஆளாளுக்கு நான் குடுத்துட்டேன் குடுத்துட்டேன்றாங்க, இப்போ அஞ்சு பேரும் முகம் குடுத்து பேசுறதே இல்ல. ஆர்எஃப்ஐடி டேக் போட்டா எந்தப் பெட்டி எங்க கீதுன்னு உக்காந்த இடத்துலயே தெரியும்னு ஒருத்தர் சொல்றாரு. துட்டு போடலாமா? – ஒரு வாசகி, காசிமேடு

பதில்: தங்கச்சி, அவர் சொன்னதுல பாதிதான் சரி, மீதி பாதிய நம்பி காசு குடுத்துடாதீங்க. பெட்டிக்கு போடுற டேக்குல பேட்டரி கிடையாது, ஒரு சின்ன சிப்பும் அதச் சுத்தி ஒரு ஆன்டெனாவும்தான் இருக்கும், ரீடர் மிஷின் ரேடியோ அலை அனுப்பினா அந்த அலையில கிடைக்கிற சக்தியிலயே டேக் தன்னோட நம்பர சொல்லும், ரீடர் இல்லாத இடத்துல அது சும்மா கிடக்கும். அதனால பெட்டி இப்போ நெல்லூர்ல கீதா வேலூர்ல கீதான்னு அது சொல்லாது, கடைசியா எந்த ரீடர் முன்னாடி, எத்தனை மணிக்கு தாண்டிச்சின்னு மட்டும் சொல்லும். கேக்க கம்மியா தெரியலாம், ஆனா உங்க அஞ்சு பேருக்கு நடுவுல உடைஞ்சது அந்த ஒரு இடத்துலதான்.

இத நான் கண்ணால பாத்து சொல்றேன். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல 8 வருஷம் கேட்ல இருந்தேன். கன்டெய்னர் நம்பர்ன்றது 4 எழுத்து, 6 நம்பர், கடைசியா கட்டம் போட்டு ஒரு செக் நம்பர், முன்னாடி எழுதினது சரியான்னு கணக்கு போட்டு ஒத்துப் பாக்குறதுக்கு. அத ராத்திரில டார்ச் அடிச்சி பாத்து அட்டை மேல பேப்பர் வெச்சி எழுதுவோம். ஒரு மழை ராத்திரி பேப்பர் நனைஞ்சி 3 எழுதினது 8 மாதிரி ஆயிடுச்சி, செக் நம்பர ஒத்துப் பாத்திருந்தா அங்கயே பிடிபட்டிருக்கும், பின்னாடி 20 வண்டி ஹாரன் அடிக்கிறப்ப யாரும் பாக்கல. உள்ளயே நிக்கிற எம்டி, அதாவது காலி கன்டெய்னர், வெளிய போனதா கணக்கு, டிரைவர் ஒருத்தர 2 நாள் நிக்க வெச்சி விசாரிச்சாங்க, அந்த மனுஷன் அழுதுட்டாரு. பின்னாடி கேட்ல ரீடர் வந்துது. வண்டி தாண்டுறப்பவே நம்பரும் நேரமும் பதிஞ்சிடும், அதுக்கப்புறம் நீ குடுத்த நான் குடுத்தேன்ற சண்டை கேட்ல நின்னுபோச்சி.

அதனால டேக் வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு பேரும் ஒரு டீய வெச்சிக்கிட்டு உக்காந்து ஒரு விஷயத்த முடிங்க: பெட்டி எந்த இடத்துல கை மாறுது? வண்டியில ஏத்துற இடம் ஒண்ணு, காலிப்பெட்டி திரும்பி வந்து கழுவுற இடம் ஒண்ணு, எனக்கு தெரிஞ்சி இந்த ரெண்டு போதும். ஏத்துறப்ப ரீட் ஆனா அந்தப் பெட்டி எடுத்தவர் பேர்ல பற்று, கழுவுற இடத்துல ரீட் ஆனா வரவு, பேங்க் பாஸ்புக் மாதிரி. இத்தனை நாளுக்கு மேல திரும்பலன்னா நாள் வாடகை எவ்ளோ, உடைஞ்சா யார் தரணும், இதெல்லாம் கையெழுத்து போட்டு வெச்சிக்கோங்க. கணக்கு ஒருத்தர் போன்ல மட்டும் இருக்கக் கூடாது, அஞ்சு பேருக்கும் ஒரே கணக்கு ஒரே நேரத்துல தெரியணும், இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. ஆஸ்திரேலியால இரண்டாம் உலகப் போர் முடிஞ்சி அமெரிக்க ராணுவம் விட்டுட்டுப் போன, சரக்கு அடுக்குற பேலட் பலகைங்கள வெச்சி ஒரு பொது ஏற்பாடு ஆரம்பிச்சாங்க, அதுதான் இன்னிக்கு நீல கலர் பேலட்டு உலகம் பூரா சுத்துற செப் கம்பெனி. பலகை கம்பெனிது, எடுக்கிறவங்க வாடகைக்குதான் எடுக்கிறாங்க. டேக்குன்னு ஒண்ணு வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே அந்த வாடகைக் கணக்கு ஓடுச்சி.

இனிமே டேக் விஷயம். மீன் பெட்டியில பெரிய தொல்லை தண்ணிதான். இந்த வகை அலைய தண்ணி குடிச்சிடும், ஐஸ் உருகி வழியுற பெட்டி, ஈரமான மீன், உப்புத்தண்ணி, எல்லாம் சேர்ந்து டேக்க மறைச்சிடும். நிறைஞ்ச பெட்டிங்கள அடுக்கி வெச்சா நடுவுல இருக்குறது ரீட் ஆகாம போகலாம். டேக்க அடியில போடாதீங்க, மேல் விளிம்புல வெளிப்பக்கமா போடுங்க, ஒரே பெட்டிக்கு எதிர் எதிர் பக்கம் ரெண்டு டேக் போட்டு ரெண்டையும் ஒரே பெட்டி பேர்ல பதிஞ்சிட்டா எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ஒண்ணாவது சிக்கும். ஸ்டிக்கர் வேணாம், பிரஷ் போட்டு தேய்க்கிறப்ப உரிஞ்சிடும், ரிவெட் அடிக்கிற தடிமன் டேக் வாங்குங்க. காலியா கழுவி வடியவிட்ட பெட்டிங்கதான் நல்லா ரீட் ஆகும், அதனால திரும்பி வர்ற கணக்க அந்த இடத்துலயே எடுங்க. ஏத்துறப்ப ஒவ்வொரு அடுக்கா ரீடர் முன்னாடி தள்ளி, எண்ணிக்கைய வாயாலயும் ஒரு தடவ சொல்லி ஒத்துப் பாருங்க, நூத்துக்கு நூறு ரீட் ஆகும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. விக்கிறவர் ஆபீஸ் டேபிள்ல காட்டுவாரு, அழகா வேலை செய்யும். விடிகாலை 4 மணிக்கு வார்ஃபுக்கு வந்து உங்க பெட்டி, உங்க ஐஸ், உங்க மீனோட காட்ட சொல்லுங்க, அப்போ ரீட் ஆச்சின்னாதான் மேல பேசணும்.

இன்னொண்ணு, ஆன்லைன்ல கம்மி விலைக்கு வெளிநாட்டு ரீடர் கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க. நம்ம ஊர்ல இதுக்கு விட்டிருக்கிறது 865 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்கிற பேண்ட், அமெரிக்கால 902ல இருந்து 928 வரைக்கும். அந்த செட்டிங்லயே இங்க ஓட்டினா செல்போன் அலைவரிசை மேல போய் விழும், சட்டப்படியும் தப்பு.

எப்போ ஆரம்பிக்கலாம்னா, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைகாலம் வருதுல்ல, விசைப்படகு போகாத அந்த 61 நாள்ல பெட்டிங்க பெரும்பாலும் காஞ்சி அடுக்கி கிடக்கும். யார் வீட்டு மாடியில எத்தன கீதுன்னு அப்போ எல்லாத்தையும் இறக்கி எண்ணி, டேக் அடிச்சி, படகு போறதுக்கு முன்னாடி கணக்க பூஜ்யத்துல ஆரம்பிங்க. போன 200 பெட்டி போனதுதான், அத அஞ்சு பேரும் பிரிச்சி ஏத்துக்கிட்டு பழச பேசாதீங்க தங்கச்சி, அந்த 200ஐ இழுத்தீங்கன்னா புதுசும் ஓடாது.

கேள்வி: டேக்க நம்ம போன்லயே ரீட் பண்ண முடியாதா? – ராயபுரம்

பதில்: பெட்டிக்கு போடுற டேக்க முடியாதுங்க. போன்ல இருக்கிறது 13.56 மெகாஹெர்ட்ஸ், மெட்ரோ கார்டு தொடுற மாதிரி சில சென்டிமீட்டர் கிட்ட வந்தாதான் பேசும். பெட்டி டேக் ஃபாஸ்டேக் இனம், சில மீட்டர் தள்ளியும் பேசும். அதுக்கு தனி ரீடர் வேணும், புளூடூத்ல போனோட சேர்ற கை ரீடரும் கிடைக்குது, அந்த விலையையும் சேர்த்து கணக்கு போடுங்க.

கேள்வி: டிரெய்லர் ஓட்டுறேன் சார். போர்ட்ல இருந்து எடுக்குற இம்போர்ட் கன்டெய்னர்ல ஒரு டேக் மாட்டி விடுறாங்க. நான் எங்க நிறுத்தி சாப்பிடுறேன்றது வரைக்கும் அதுல தெரியுமா? – மீஞ்சூர்

பதில்: தெரியாது தம்பி, பயப்படாதீங்க. அது லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க்குன்னு 2016ல மும்பை பக்கம் ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல ஆரம்பிச்ச திட்டம், அப்புறம் நம்ம பக்கத்து துறைமுகங்களுக்கும் வந்துது. போர்ட் கேட், டோல்கேட்டுன்னு ரீடர் வெச்ச இடத்த தாண்டுறப்ப மட்டும் நேரம் பதியும், சரக்குக்காரர் கன்டெய்னர் நம்பர போட்டு கடைசியா எங்க தாண்டிச்சின்னு பாத்துப்பாரு. சாப்பாட்டுக் கடையில ரீடர் இல்ல. உங்க ஓனர் வண்டியில ஜிபிஎஸ் மாட்டியிருந்தா அது வேற, அது எல்லாத்தையும் காட்டும். இந்த டேக் உங்களுக்கு சாட்சியாவும் நிக்கும்: எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு க்யூவுல ராத்திரி பூரா நின்னு, எம்டி லேட்டா போய் சேர்ந்து, அந்த தாமதத்துக்கு போடுற டிடென்ஷன் காச யார் கட்டணும்னு பேச்சு வர்றப்ப, எந்த டோல எத்தனை மணிக்கு தாண்டினீங்க, கேட்டுக்குள்ள எப்போ போனீங்கன்னு ரெண்டு நேரமும் பதிவாகி இருந்தா, நடுவுல இருந்தது க்யூதான்னு பேச உங்ககிட்ட ஆதாரம் இருக்கு.

கேள்வி: 20 லிட்டர் தண்ணி கேன் சப்ளை பண்றேன், 300 கேன் இருக்கு. வீட்டுக்காரங்க அடுத்த கடையில மாத்திடுறாங்க. ஆர்எஃப்ஐடி போடலாமா, க்யூஆர் போதுமா? – தண்டையார்பேட்டை

பதில்: ரெண்டும் இப்போதைக்கு வேணாங்க. கேன் பூரா தண்ணி, மேல சொன்ன அதே தொல்லை, நிறைஞ்ச கேன்ல டேக் ரீட் ஆகுறது கஷ்டம். க்யூஆர் ஸ்டிக்கர் கேனோட கேன் உரசி அழிஞ்சிடும், மூணாவது மாடி ஏறுற பையன் ஒவ்வொரு கேனுக்கும் போன எடுத்து ஸ்கேன் பண்ண மாட்டான், அவன் தோள்ல ஒண்ணு கையில ஒண்ணு இருக்கும். உங்களுக்கு பிரச்னை அடுத்த கடையில, அங்க உங்க ரீடரும் இருக்கப் போறதில்ல. தெருவுல தண்ணி போடுற 3, 4 கடைக்காரங்க சேர்ந்து, யார் கேன் யார்கிட்ட வந்தாலும் வாரம் ஒரு நாள் மாத்திக்கலாம்னு பேசுங்க. கேன் கழுத்துல அழியாத பெயிண்ட்ல நம்பர், வீட்டுக்கு வீடு டெபாசிட், ஒரு நோட்டு. 2000, 3000 கேன் ஆகி, காலி கேன் எல்லாம் ஒரே பிளான்ட்டுக்கு கழுவ வர்ற நிலைமை வந்தா எழுதுங்க, கழுவுற லைன்ல காலியா வர்றப்ப ரீடர் வைக்கிறத பத்தி அப்போ பேசுவோம்.