ஆள் எடுப்பதா, பீஸ் ரேட்டா? முதலில் லைனில் வேலை எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் யூனிட் நடத்துகிறோம். ஆம்பூர் கம்பெனி ஒன்றுக்கு ஜாப் ஒர்க். மொத்தம் 60 பேர். தையல் ஹாலில் மட்டும் 40 பேர், பெரும்பாலும் பெண்கள். ஒரு நாளைக்கு 400 ஜோடி வருகிறது. கம்பெனி 550 கேட்கிறது. இன்னும் பத்து பேரை எடுக்கலாம் என்கிறார் அப்பா. மேனேஜர் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதற்கு, மாறச் சொல்கிறார். நான் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து, உற்பத்தித்திறன் திட்டம் என்று 14 பக்கம் எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர்கள் வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டதோடு சரி. புரொடக்‌ஷன் சாஃப்ட்வேர் ஒன்றுக்கும் விலை கேட்டு வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: 14 பக்கத்தைக் கொஞ்ச நாள் டிராயரிலேயே விடுங்கள். அதில் இருப்பது தப்பாக இருக்காது. ஆனால் சூப்பர்வைசருக்கு நாளைக் காலை எட்டரைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்காது. அப்பா, மேனேஜர், நீங்கள் என மூன்று பேரும் மூன்று மருந்து சொல்கிறீர்கள். நோய் எங்கே என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஜோடி அப்பருக்கு, ஹாலுக்குள் வந்ததிலிருந்து செக்கிங் முடியும் வரை, கை வேலையும் மிஷின் வேலையும் சேர்த்து 26 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆர்ட்டிகிளுக்கு, அதாவது நீங்கள் தைக்கும் ஷூ மாடலுக்கு, எவ்வளவு என்று ஸ்டாப்வாட்ச் வைத்து நீங்களே எடுங்கள். 400 ஜோடிக்கு 10,400 நிமிடம். 40 பேர் எட்டு மணி நேரம் இருந்தால் கையில் இருப்பது 19,200 நிமிடம். அதாவது நீங்கள் சம்பளம் கொடுக்கும் நேரத்தில் 54 சதவீதம்தான் ஜோடியாக வெளியே போகிறது. 550 ஜோடிக்குத் தேவை 14,300 நிமிடம், ஏறக்குறைய 75 சதவீதம். இருக்கிற 40 பேரை வைத்தே எட்டக்கூடிய அளவுதான். மீதி நேரம் எங்கே போகிறது? யாரும் சும்மா கதை பேசிக்கொண்டிருப்பதால் போவதில்லை. பெரும்பாலும் காத்திருப்பதில் போகிறது.

யார், எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிய, ஒரு முழு நாள் ஹாலில் நின்று எந்த மிஷினுக்கு முன்னால் டிரே குவிகிறது, எந்த மிஷினில் ஆள் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். உதாரணமாக, டாப் லைன் தையலில் (ஷூவின் வாய் விளிம்பைத் தைப்பது) இரண்டு பேர், ஜோடிக்கு 2.2 நிமிடம். டீ, நூல் மாற்றுவது, ஊசி உடைவது எல்லாம் போக 440 நிமிடம் ஓடும். ஒருவருக்கு 200 ஜோடி, இருவருக்கு 400. உங்கள் 400 அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. தோல் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங்கிலும் ஓரத்தை மடிக்கும் ஃபோல்டிங்கிலும் பத்து பேரைச் சேர்த்தாலும் 401 வராது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஒரு கவுண்டர் மட்டும் திறந்திருந்தால், ரோட்டை எத்தனை லேன் ஆக்கினாலும் வண்டி அதே கணக்கில்தான் தாண்டும்.

ஆகவே அப்பா சொல்வது முழுக்கத் தவறில்லை. ஆள் வேண்டும், ஆனால் பத்து பேர் வேண்டாம், அந்த மிஷினில் ஒரே ஒருவர். அவரும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. வேலை குறைவாக இருக்கும் டேபிளிலிருந்து ஒரு அக்காவைப் பழக்கி உட்கார வைக்கலாம். அந்தத் தையலுக்கு மூன்றாவதாக ஒரு போஸ்ட் பெட் தையல் மிஷின் மட்டும் தேவைப்படும். உடனே லைன் 600-க்குப் போய்விடாது. அடுத்து லைனிங் ஒட்டும் டேபிள் 470-ல் பிடித்துக்கொள்ளும். அதைச் சரி செய்தால் இன்னொன்று. இந்த வரிசைதான் உங்கள் திட்டம். ஒவ்வொரு மாதமும் தேங்கும் இடம் ஒன்று, அதற்குப் பொறுப்பு ஒருவர். ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

தேங்கும் இடத்துக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். அங்கே மட்டும் டீ பிரேக்கை மாற்றி மாற்றிக் கொடுங்கள், மிஷின் நிற்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் அப்படியே, தொழுகைக்குப் போகாதவர்களை அந்த மிஷின்களுக்கு வைத்து ஓட்டலாம். செக்கிங்கை அந்த மிஷினுக்கு முன்னாலேயே ஒரு தடவை வையுங்கள். இடது கால் ஒரு ஷேடு, வலது கால் ஒரு ஷேடாக வெட்டி வந்த பீஸை அங்கே தைத்துவிட்டுக் கடைசியில் தள்ளினால், வீணாவது உங்களிடம் மிகக் குறைவாக இருக்கும் நேரம். அங்கே அரை மணி நேரம் நின்றால் 27 ஜோடி போச்சு. மற்ற இடங்களில் அரை மணி நின்றால் பல சமயம் ஒன்றுமே போவதில்லை. எல்லாரும் எப்போதும் குனிந்து வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கும் சூப்பர்வைசருக்கு இதை ஏற்பது கஷ்டம். அவருடன் நீங்கள் பேச வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

அடுத்தது, ஹாலில் கிடக்கும் அரைகுறை ஜோடிகள். எண்ணிப் பாருங்கள். நாளைக்கு 400 வெளியே போகும் ஹாலில் 1,200 ஜோடி பாதியில் கிடந்தால், இன்று உள்ளே வரும் பீஸ் வெளியே போக மூன்று நாள் ஆகும். ஃபோல்டிங்கில் இன்று நடந்த தவறு செக்கிங்கில் மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் 1,200 ஜோடியில் அதே தவறு நடந்திருக்கும். டிரேக்குப் பத்து ஜோடி, மிஷினுக்கு முன்னால் இரண்டு டிரேக்கு மேல் கூடாது என்று வைத்தாலே பாதிப் பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்துவிடும். டிரே நிறைந்தால், அதற்கு முந்தின வேலையைச் செய்பவர் தைப்பதை நிறுத்திவிட்டு, தேங்கிய மிஷினுக்குப் போய் உதவ வேண்டும்.

அப்படி உதவ, ஒருவருக்கு இரண்டு மூன்று வேலை தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்து யூனிட்களில் மிஷின் என்பது ஏறக்குறைய ஆளோடு ஒட்டிய சொத்து. பத்து வருடமாக ஒரே மிஷினில் இருப்பவர்கள் உண்டு. அவர் லீவு போட்டால் லைன் தடுமாறும். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று உங்கள் ஹாஜர் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு அட்டையில் ஒரு பக்கம் பெயர்கள், மேலே வேலைகள் என்று கட்டம் போட்டு, யாருக்கு எது தெரியும் என்று குறியுங்கள். முக்கியமான ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாத இடங்களில் சனிக்கிழமை மதியம் பழக்கலாம். புது வேலை கற்றவருக்கு மாதம் ஒரு சிறு தொகை கூட்டிக் கொடுங்கள், சும்மா கற்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் கையில் இல்லாத நஷ்டமும் உண்டு. ஜாப் ஒர்க்கில் லெதர், லைனிங், பக்கிள் எல்லாம் கம்பெனியிலிருந்து வர வேண்டும். காலையில் வர வேண்டிய வண்டி பதினோரு மணிக்கு வந்தால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? மெட்டீரியல் இல்லாமல் நின்ற நிமிடங்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டோடு கம்பெனி மேனேஜரைப் பாருங்கள். “550 தருகிறோம், ஆனால் முந்தின நாள் சாயங்காலமே மெட்டீரியல் கிட் வந்துவிட வேண்டும்” என்று பேச உங்களுக்கு அப்போது ஆதாரம் இருக்கும். ஆர்ட்டிகிள் மாறும் முதல் நாள் வெளியீடு விழுவதற்கும் இதேதான் வைத்தியம்: முந்தின நாளே சாம்பிள், நூல், ஊசி எல்லாம் டேபிளுக்கு வந்திருக்க வேண்டும், சில ஜோடிகளைத் தைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

வெயிலையும் மறக்காதீர்கள். வேலூர்ப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரி தாண்டுவது புதிதல்ல. ஷீட் கூரைக்குக் கீழே மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கை தானாகவே மெதுவாகும், தையலும் கோணும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, வெப்பக்காற்றை வெளியே தள்ளும் ஃபேன், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் ஆகியவற்றைத் தொழிலாளர் நலக் கணக்கில் போடாமல் உற்பத்திக் கணக்கிலேயே போடுங்கள்.

இப்போது பீஸ் ரேட். இந்த நிலையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆளுக்கு ஆள் பீஸ் ரேட் போட்டால், வேகமாகத் தைப்பவர் தேங்கும் மிஷினுக்கு முன்னால் இன்னும் டிரே குவிப்பார். ஜோடி கூடாது, சம்பளச் செலவு மட்டும் கூடும். பீஸ் ரேட்டிலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பதையும் மேனேஜருக்கு நினைவுபடுத்துங்கள். ஊக்கத்தொகை கொடுப்பதென்றால் முழு லைனுக்கும் சேர்த்துக் கொடுங்கள். ரீவொர்க் இல்லாமல் முதல் தடவையிலேயே பாஸான ஜோடியை மட்டும் எண்ணுங்கள். உதாரணமாக 430-க்கு மேல் வரும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தொகை, லைனில் எல்லாருக்கும் சமமாக.

அதற்கு முன்னால் ஹாலில் ஓடும் ஒரு பயத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “இன்னைக்கு வேகமாத் தைச்சா நாளைக்கு அதையே டார்கெட்டா வெச்சிடுவாங்க, இல்லேன்னா நாலு பேரை நிறுத்திடுவாங்க.” உங்களிடம் நேரில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள், டிஃபன் பாக்ஸ் திறக்கும்போது பேசிக்கொள்வார்கள். ஸ்டாப்வாட்ச்சோடு நீங்கள் போய் நின்றால் இந்தப் பேச்சு இன்னும் கூடும். அதனால் நேரம் எடுக்கப் போவதற்கு முன்பே, இந்த மாற்றத்தால் யார் வேலையும் போகாது, ஆர்ட்டிகிள் மாறினாலொழிய ஒரு வருடத்துக்கு டார்கெட் ஏறாது என்று எழுதி, அப்பா கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அப்பாவே ஹாலுக்கு வந்து படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. அவர் சொன்னால் நம்புவார்கள், நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். இப்படி உறுதி கொடுக்க அப்பாவுக்கு மனமில்லை என்றால், ஊக்கத்தொகைத் திட்டத்தையே தொடங்காதீர்கள்.

நடைமுறைக்கு ஒரு லைன் போதும். இரண்டு லைன் இருந்தால், அதிகம் முனகும் சூப்பர்வைசரின் லைனை எடுக்காமல், ஓரளவு ஒத்துழைப்பவரின் லைனை எடுங்கள். மணிக்கு ஒரு தடவை போர்டில் மூன்று விஷயம்: வர வேண்டியது, வந்தது, வராததற்குக் காரணம். காரணம் எழுதும் இடத்தில் ஆள் பெயர் வரக் கூடாது. “ஊசி இல்லை”, “லைனிங் வரவில்லை”, “கரன்ட் போனது” என்றுதான் வர வேண்டும். காலையில் பத்து நிமிடம் போர்டுக்கு முன்னால் நின்றபடியே பேச்சு, நேற்றைய காரணங்களில் ஒன்றை இன்று யார் முடிப்பது என்று முடிவு. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த லைனின் எண் அடுத்த சூப்பர்வைசருக்குத் தானாகவே உறைக்கும்.

வெளி உதவி வேண்டுமென்றால், மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2023 மார்ச்சில் தொடங்கிய லீன் (வீணைக் குறைக்கும் உற்பத்தி முறை) திட்டம் இருக்கிறது. உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்த உற்பத்தி யூனிட்டுக்கு, ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும். பேட்டர்ன், தையல் பயிற்சிக்குச் சென்னை கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிறுவனத்தைக் கேட்டுப் பாருங்கள்.

சாஃப்ட்வேர் இப்போது வேண்டாம். போர்டில் கையால் எழுதும் எண்ணையே யாரும் பார்க்காத ஹாலில், ஸ்கிரீனில் ஓடும் எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்று மாதம் போர்டு ஒழுங்காக நிறைந்தால், எந்த விவரம் உங்களுக்குத் தினமும் தேவைப்படுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த சாஃப்ட்வேர்க்காரரை மறுபடி கூப்பிட்டு விலை பேசுங்கள்.