வாசகர் கேள்வி – பதில்: இளம் சாதனையாளர் விருதுகளை நம்பலாமா?

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். கேரம் ஆடுவாள், மாவட்டப் போட்டிகளில் பரிசு வாங்கியிருக்கிறாள். ‘இளம் சாதனையாளர் விருதுக்கு உங்கள் மகள் தேர்வாகியிருக்கிறார், பதிவுக் கட்டணம் 3,500 ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நோட்டீஸில் ‘அரசு பதிவு பெற்றது, ஐஎஸ்ஓ தரச்சான்று பெற்றது’ என்று போட்டிருக்கிறது. கட்டலாமா?
– ஒரு வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: கட்டாதீர்கள். விண்ணப்பமே போடாத பிள்ளையை யார், எதைப் பார்த்துத் தேர்வு செய்தார்கள்? பணம் கட்டியவர்களுக்கெல்லாம் ஷீல்டு என்றால் அங்கே ஆள் சேரச் சேர வருமானம். ஒருவரையும் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது. தகுதியில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாத இடத்தில் தகுதியைப் பார்க்கவும் வழியில்லை.

நோட்டீஸில் இருக்கும் வாசகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘அரசு பதிவு’ என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு டிரஸ்ட் பத்திரம் பதிந்திருப்பார்கள், அல்லது 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகப் பதிந்திருப்பார்கள். அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. அவர்கள் கொடுக்கும் விருதை அரசு சரிபார்த்தது என்று ஆகாது. ஐஎஸ்ஓ 9001 என்பது ஓர் அமைப்பின் நிர்வாக முறை பற்றியது. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு நேரடியாகச் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை; வெளி நிறுவனங்கள்தான் கொடுக்கின்றன. சில நோட்டீஸ்களில் போடும் ‘உத்யம்’ எண் சிறுதொழில்களுக்கானது, இலவசம், உரிமையாளரே தரும் விவரங்களை வைத்துக் கிடைப்பது. இதில் எதுவுமே உங்கள் மகளின் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

மண்டபத்தின் பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கைப் பயன்படுத்த அனுமதி வாங்கி ஓர் அமைப்பு ‘கௌரவ டாக்டர்’ பட்டங்கள் கொடுத்தது. பிரபலங்களும் மேடையேறினார்கள். பிறகு பல்கலைக்கழகம், எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி போலீஸில் புகார் கொடுத்தது.

சந்தேகம் தீரவில்லையென்றால் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: நடுவர்கள் யார்? மதிப்பெண் முறை என்ன? எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கொடுக்கிறீர்கள்? பதில் வரும்வரை ஆதார் நகல் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் பகுதியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. செரியன் நகர் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது அதற்குப் பிறகுதான். முதலில் போர்டில் முடிவு, பின்னால் பாராட்டு. அந்த 3,500 ரூபாயை அடுத்த மாநிலப் போட்டிக்கான பயணச் செலவுக்கு வையுங்கள்.

கேள்வி: சிலம்பத்திலும் கராத்தேயிலும் என் மகன் நிறைய தங்கப் பதக்கம் வாங்கிவிட்டான். ‘உலக சாதனை’ சான்றிதழும் இருக்கிறது. இவை மேல்படிப்புக்கோ வேலைக்கோ பயன்படுமா?
– ஒரு வாசகர், கொடுங்கையூர்

பதில்: பதக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, போட்டியின் டை ஷீட்டை (யார் யாரோடு மோதினார்கள் என்ற அட்டவணையை) மாஸ்டரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். வயது, எடை, பெல்ட் என்று பிரித்துப் பிரித்து, ஒரு பிரிவில் இரண்டு பேரோ மூன்று பேரோ மட்டும் நிற்கும் ஓபன் போட்டிகள் நிறைய நடக்கின்றன. இரண்டே பேர் ஆடினால் தோற்றவனுக்கும் வெள்ளி கிடைத்துவிடும். பதினாறு பேர் இருக்கும் பிரிவில் நாலு சுற்று ஜெயித்து வாங்கிய தங்கத்தை அதோடு ஒப்பிடவே முடியாது. சான்றிதழில் எடைப்பிரிவு, தேதி, வரிசை எண், சங்கச் செயலாளர் கையெழுத்து எல்லாம் இருக்கிறதா பாருங்கள். ‘சிறந்த பங்களிப்புக்காக’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் அதை வைத்து யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது.

மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றுக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. படிவம் 1 இந்தியாவுக்காக ஆடியவர்களுக்கு, தேசிய சம்மேளனச் செயலாளர் கையெழுத்துடன். படிவம் 2 தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவர்களுக்கு, மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்துடன். படிவம் 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு, படிவம் 4 தேசியப் பள்ளி விளையாட்டுக்கு. கிளப் பதக்கமும் ‘உலக சாதனை’ சான்றும் இவற்றில் எதிலும் வராது. பையன் வீட்டில் மாட்டிவைத்து மகிழட்டும், தப்பில்லை. ஆனால் பள்ளிக் குறுவட்டப் போட்டியிலிருந்து மாவட்டம், மாநிலம் என்று ஏறும் வழியை எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அரசு விருதுகளாவது திறமைக்குக் கிடைக்கின்றனவா? எங்கள் பகுதியில் உண்மையாக உழைக்கும் பிள்ளைகளின் பெயர் வந்து பார்த்ததே இல்லை.
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: விண்ணப்பித்தவர்களுக்குள்தான் தேர்வு நடக்கிறது. குறை தொடங்குவது அங்கேதான். சுதந்திர தின விழாவில் தரப்படும் முதலமைச்சர் மாநில இளைஞர் விருது 15 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களின் சமூகத் தொண்டுக்கானது. ஆண்கள் 3 பேர், பெண்கள் 3 பேர், தலா 1 லட்சம் ரூபாய். மத்திய அரசின் பால புரஸ்கார் விருது 5 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கானது. யார் வேண்டுமானாலும் பெயரைப் பரிந்துரைக்கலாம், பிள்ளையே விண்ணப்பிக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

ஆனால் தேர்வுக்குழு பார்ப்பது காகிதத்தை. மூன்று வருடமாக மாலையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெண்ணிடம் ஒரு போட்டோகூட இருக்காது. ஒரே நாள் மரம் நட்டவரிடம் ஆல்பமே இருக்கும். இது அநியாயம்தான். மாறும்வரை காத்திருக்காமல் இன்றே ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள்: தேதி, நேரம், வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, பெற்றோர் ஒருவரின் கையெழுத்து. மாதம் ஒரு போட்டோ போதும். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் வருடத்துக்கு ஒரு கடிதம், லெட்டர்ஹெட்டில், முத்திரையுடன். அவர் ‘நல்ல பெண்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எத்தனை பேர் தேறினார்கள், இடைநின்ற எத்தனை பேர் பள்ளிக்குத் திரும்பினார்கள் என்று எழுத வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பித் தர ஓர் ஆசிரியரோ கல்லூரி மாணவரோ கூட உட்கார்ந்தாலே பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் நற்பணி மன்றம் வருடாவருடம் பத்துப் பிள்ளைகளுக்கு விருது தருகிறது. ‘தெரிஞ்சவங்களுக்கே குடுக்குறீங்க’ என்று பேச்சு வருகிறது. எப்படிச் சரிசெய்வது?
– மன்றச் செயலாளர் ஒருவர், வியாசர்பாடி

பதில்: முதலில் ‘பத்து’ என்ற கணக்கை விடுங்கள். தகுதியானவர்கள் ஆறு பேர்தான் என்றால் ஆறு பேருக்குக் கொடுங்கள். இடத்தை நிரப்பப் பிள்ளை தேடும்போதுதான் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை உள்ளே வருகிறது.

விதிமுறையை மூன்று மாதம் முன்பே அச்சடித்துப் பள்ளி, நூலகம், ஃபுட்பால் கிரவுண்டு, சர்ச், மசூதி, கோயில் வாசல்களில் ஒட்டுங்கள். மன்ற உறுப்பினர் அல்லாதவரும் பெயர் கொடுக்கலாம் என்று அதிலேயே இருக்கட்டும். நடுவர் மூவரில் இருவராவது வெளியாட்களாக இருக்கட்டும். செய்த வேலையின் தரத்துக்கு 40, விடாமல் செய்ததற்கு 30, கையில் இருந்த வசதியை வைத்து எவ்வளவு தூரம் வந்தார் என்பதற்கு 30 என்று வைக்கலாம். கடைசி 30 வேண்டாம் என்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். ஷூ இல்லாமல் மாநிலப் போட்டிவரை போன பையனும் தனிக் கோச் வைத்துப் போன பையனும் ஒரே இடத்திலிருந்து கிளம்பவில்லை.

மூவரும் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் எழுதித் தாளை மடித்துக் கொடுக்க வேண்டும். பேசிவிட்டு எழுதினால் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் எழுதுவார்கள். ஒரு நடுவரின் சொந்தக்காரப் பிள்ளையோ மாணவரோ பட்டியலில் இருந்தால் அந்தப் பெயருக்கு மட்டும் அவர் எழுந்து வெளியே போகட்டும். சிறப்பு விருந்தினர் பரிசை வழங்கலாம். பட்டியலில் பெயர் சேர்க்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

செலவில் பாதியாவது பிள்ளை கைக்குப் போக வேண்டும்: ஷூ, தேர்வுக் கட்டணம், போட்டிக்கு ரயில் டிக்கெட் என்று. சால்வையையும் ஃப்ளெக்ஸ் பேனரையும் குறைத்தாலே அது முடியும். விழா முடிந்த வாரம் மதிப்பெண் பட்டியலை மன்ற வாசலில் ஒட்டுங்கள். ஜெயித்தவர் பெயர் மட்டும் போதும், மற்றவர்களுக்கு எண்தான். பரிசு கிடைக்காத பிள்ளையை வீட்டுக்கே போய்ப் பார்த்து, எதில் மதிப்பெண் குறைந்தது, அடுத்த வருடம் எந்தச் சான்று கூடுதலாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.