தரையிறங்கும் முன் அந்த அரை மணி நேரம்: ஒரு விமானியிடம் கேள்வி பதில்

கேள்வி: சார், ஆட்டோபைலட் போட்டாச்சு என்றால் இறங்கும்போது உங்களுக்கு என்னதான் வேலை?

கைக்கு வேலை குறைவுதான், தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 36,000 அடியில் இருந்தால் 36-ஐ மூன்றால் பெருக்குங்கள், 108 கடல் மைலுக்கு முன்பே இறங்க ஆரம்பிக்க வேண்டும், வேகம் குறைக்க இன்னும் கொஞ்சம் தூரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டு அழகாக இறங்கிக்கொண்டிருக்கும்போது, தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் 'இன்னும் கொஞ்சம் அங்கேயே இருங்கள்' என்பார், அப்புறம் 'சீக்கிரம் இறங்குங்கள், வேகத்தையும் குறையுங்கள்' என்பார். ஜெட் விமானம் இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்ய அடம்பிடிக்கும். ஸ்பீட் பிரேக்கை (வேகம் குறைக்க இறக்கையில் எழும்பும் தகடுகள்) இழுத்த கையை எடுப்பதற்குள் புது அலைவரிசைக்கு மாறச் சொல்வார்கள்.

கேள்வி: ரேடியோவில் கேப்டன்தானே பேசுவார்?

இல்லை. அந்தப் பயணத்தில் யார் ஓட்டவில்லையோ அவர் பேசுவார், அது கேப்டனாகவும் இருக்கலாம். உயரம் சொன்னதும் ஓட்டுபவர் குமிழைத் திருகி எண்ணை வைப்பார், இருவரும் அந்த எண்ணை விரலால் காட்டி வாய்விட்டுச் சொல்வோம்.

கேள்வி: அண்ணா, அவர்கள் சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி ஏன் திருப்பிச் சொல்கிறீர்கள்?

1989 பிப்ரவரியில் கோலாலம்பூருக்கு இறங்கிய ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்திடம் 'டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்றார்கள், அதாவது 2,400 அடி. விமானிகள் காதில் அந்த 'டூ' இரண்டு என்ற எண்ணாக விழவில்லை, 'வரை' என்று பொருள்படும் ஆங்கில 'டூ'வாக விழுந்தது, 'ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று 400 அடியைத் திருப்பிச் சொன்னார்கள். தவறு அங்கேயே பட்டவர்த்தனமாகத் தெரிந்தது, யாரும் திருத்தவில்லை. மலையில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். திருப்பிச் சொல்வது பாதி வேலைதான், அதைக் காது கொடுத்துக் கேட்பது மீதி.

கேள்வி: ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் வானில் மோதியதற்கும் இதே குழப்பம்தானா?

கொஞ்சம் வேறு. 1996 நவம்பர் 12, டெல்லிக்கு இறங்கிய கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி, எதிரே ஏறிய சவுதி விமானத்துக்கு 14,000. கஜகஸ்தான் விமானத்தில் பேசியவர் தனி ரேடியோ ஆபரேட்டர். அவருக்கென்று உயரமானி கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். பேசியது ஒருவர், ஓட்டியது வேறொருவர், விமானமோ 15,000-க்குக் கீழே போய்விட்டது. இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள்.

கேள்வி: ரொம்ப நெருக்கடியான நேரத்தில் கன்ட்ரோலர் கூப்பிட்டால்?

'ஸ்டாண்ட்பை', அதாவது 'பொறுங்கள்'. ஒரே வார்த்தை, அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் விமானம், பேச்சு அப்புறம்.